ஆணும் பெண்ணும் ஓருடலில்: மண்புழு முதல் கலவாய் வரை

பனையில் ஆண் பனை, பெண் பனை என இரண்டு உண்டென்பதைப் புளியங்கூடலிலோ சரவணையிலோ நாரந்தனையிலோ பிறந்த எவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நுங்கும் பனம்பழமும் தருவது பெண் பனை. ஆண் பனை பாளை தள்ளும், கள்ளும் தரும், ஆனால் காய்க்காது. வடலியாக நிற்கும்போது எது ஆண், எது பெண் என்று எவராலும் கூற முடியாது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் பொறுத்திருந்து, பாளை வெளிவந்த பின்புதான் தெரியவரும்.

தென்னை அப்படியன்று. ஒரே பாளையில் ஆண் பூக்களும் இருக்கும், குரும்பையாக மாறும் பெண் பூக்களும் இருக்கும். பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, கொடி ஒன்றே. கத்தரி, மிளகாய் ஆகியவற்றில் ஒரே பூவுக்குள்ளேயே மகரந்தமும் சூலும் அமைந்திருக்கின்றன. பப்பாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண் மரம், பெண் மரம், இரண்டும் கலந்த மரம் என மூன்று வகையும் ஒரே வளவில் நிற்கும்.

பயிர்களில் இவற்றையெல்லாம் எவ்வித வியப்புமின்றி ஏற்றுக்கொள்ளும் நாம், விலங்குகள் என்று வந்தவுடன் வேறு கணக்குப் போடுகிறோம். சேவலும் பேடும், நாம்பனும் நாகும், கிடாயும் மறியும் என்று எமது முற்றத்தில் நிற்கும் உயிர்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, உலகத்து உயிர்கள் யாவும் இவ்வாறே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன என எண்ணுகிறோம். உண்மை வேறு. பூச்சியினங்களை ஒருபுறம் வைத்துவிட்டால், எஞ்சிய விலங்கினங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஓருடலிலேயே ஆண் தன்மையும் பெண் தன்மையும் கொண்டவை என உயிரியலாளர் கணக்கிட்டுள்ளனர். இவற்றை நாம் இருபாலுயிர்கள் என அழைக்கலாம். இவற்றுட் சில, ஒரே வேளையில் ஆணாகவும் பெண்ணாகவும் இருப்பவை. வேறு சில, வாழ்நாளின் ஒரு பகுதியில் ஒரு பாலாகவும் பின்னர் மறு பாலாகவும் மாறுபவை.

இதனை இங்கு எழுதுவது வெறும் விநோதச் செய்தியாக அன்று. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, ஒரு தடவையல்ல, மூன்று நான்கு தடவைகள் இடம் மாறியுள்ளன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு வாழைக்குட்டி, ஒரு கடகம் எரு, ஓர் ஆடு என்று கமத்தை மீண்டும் அடியிலிருந்து தொடங்கியிருக்கின்றன. அவ்வாறு கொண்டுபோகும் பொருள்களோடு கூடவே சில உயிர்களும் பயணம் செய்கின்றன. அவற்றுள் எது ஆண், எது பெண் என்ற கேள்வி, சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது.

மண்ணுக்குள் இருப்பவர்

முதலில் மண்புழுவை எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த மண்புழு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைப்பக்கத்திற்குச் சற்றுப் பின்னே, கழுத்துப் பட்டி கட்டியதுபோல, தடித்த வெளிறிய வளையம் ஒன்று தெரியும். வளையம் இல்லாவிடின் அது இன்னும் பருவத்துக்கு வராத புழு. வளையம் உள்ள ஒவ்வொரு புழுவின் உள்ளேயும் விந்துச் சுரப்பியும் உண்டு, சூலகமும் உண்டு. ஆண் மண்புழு என்றோ பெண் மண்புழு என்றோ தனியே ஒன்று இல்லை.

ஆனாலும் பெரும்பாலான மண்புழுக்கள் தம்மைத் தாமே கருக்கட்டுவதில்லை. மழை பெய்து நிலம் ஊறிய இரவுகளில் இரண்டு புழுக்கள் தலை ஒருபக்கமும் வால் மறுபக்கமுமாக நெருங்கிக் கிடந்து, ஒன்றின் விந்தை மற்றது பெற்றுக்கொள்கின்றன. கொடுப்பதும் இரண்டும், வாங்குவதும் இரண்டும். பின்னர் அவை பிரிந்து தத்தம் வழியே போகின்றன. அதன் பின்பே அந்த வளையத்தின் வேலை தொடங்குகிறது. அது பசைபோன்ற ஒரு பட்டியைச் சுரக்கும். அந்தப் பட்டி புழுவின் உடலில் முன்னோக்கி நழுவி வரும்போது, வழியில் முட்டைகளையும், சேமித்து வைத்த மற்றப் புழுவின் விந்தையும் சேர்த்துக்கொண்டு, ஈற்றில் தலைவழியே கழன்று விழும். இரு முனையும் மூடி, சிறிய எலுமிச்சங்காய் வடிவில் ஒரு முட்டைக்கூடாக மண்ணில் கிடக்கும். மண் காய்ந்தாலும் கூடு சில காலம் தாக்குப்பிடிக்கும்.

இதிலிருந்து கமக்காரருக்குக் கிடைக்கும் இலாபம் என்ன? கோழி வளர்ப்பதாயின் சேவல் எத்தனை, பேடு எத்தனை என்று பார்க்க வேண்டும். மண்புழு வளர்ப்பதாயின் அந்தப் பார்வை தேவையில்லை. வளையம் வந்த புழு எதுவாயினும் அது முட்டைக்கூடு இடும். இரண்டு கை புழுக்களோடு தொடங்கியவரும் சில மாதங்களில் ஒரு தொட்டி நிறையப் புழுக்களைக் காணலாம். சென்னையில் புதுக்கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுக்களைத் தேடி ஓடாமல் உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே மண்புழு உரம் தயாரிக்கலாம் என்று தமிழ்நாட்டு விவசாயிகளிடையே நெடுங்காலம் எடுத்துக் கூறி வந்தவர். அவர் சொன்னது எமக்கும் பொருந்தும். நல்ல வளவொன்றில், பூவரசு அல்லது கிளுவை வேலியோரம், குழை உதிர்ந்து மக்கிய இடத்தைக் கிளறினாலே வேண்டிய புழு கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்து பற்றை மண்டிய காணிகளுக்குத் திரும்புவோர், பற்றையை வெட்டிக் கொளுத்துவதற்கு முன் அதன் அடியில் ஒரு மண்வெட்டி மண்ணைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. நெருப்பு வைத்தால் இலையும் போகும், மேல்மண்ணில் உள்ள புழுவும் போகும்.

சாள்ஸ் டார்வின் தமது கடைசி நூலை மண்புழுக்களைப் பற்றியே எழுதினார். 1881இல் அது வெளிவந்தது. இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டொன்றுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண், புழுக்களின் உடலினூடாகச் சென்று மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில், மேலே கிடக்கும் அரையடி மண்ணே எமது முழுச் சொத்து. அதனை உழுது தருபவருக்கு நாம் ஒரு சதமும் கொடுப்பதில்லை. கிணற்று நீர் உவர்ப்பான இடங்களிலும், கிருமிநாசினி அளவுக்கு மிஞ்சிப் போன தோட்டங்களிலும் இவர் தங்கமாட்டார்.

மண்வெட்டி பட்டு இரண்டான புழு, இரண்டு புழுவாக வளரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அது சரியன்று. தலைப்பக்கம் போதிய நீளத்துக்கு எஞ்சினால் வால் வளர்ந்து பிழைக்கலாம். வால்பக்கம் சிறிது நேரம் துடித்து இறந்துவிடும். இருபாலும் ஓருடலில் இருப்பதற்கும் உடல் இரண்டாவதற்கும் தொடர்பில்லை.

ஒரு நத்தை போதும்

மண்புழு எமக்கு நண்பன். அதே இருபால் அமைப்பு, வேண்டாத விருந்தாளி ஒருவருக்கும் பெரும் வசதியாக அமைந்துவிட்டது. அவர்தான் ஆபிரிக்க இராட்சத நத்தை.

நத்தைகள் யாவும் இருபாலுயிர்கள் அல்ல என்பதை முதலிற் கூறிவிட வேண்டும். வயலிலும் குளத்திலும் காணப்படும் பெரிய நீர்நத்தையில் ஆண் வேறு, பெண் வேறு. கடலில் கிடைக்கும் சங்கும் அப்படியே. ஆனால் நிலத்தில் ஊரும் நத்தைகளிற் பெரும்பாலானவை இருபாலும் கொண்டவை. ஆபிரிக்க நத்தை இளமையில் முதலில் விந்தை உண்டாக்கும். உடல் பெருத்த பின் முட்டையும் இடும். இரண்டு சந்தித்தால் இரண்டுமே கருக்கொள்ளக்கூடும். ஒரு தடவை பெற்ற விந்தை மாதக்கணக்கில், ஏன், ஓராண்டுக்கு மேலும் உடலில் சேமித்து வைத்து, வேண்டும்போது பயன்படுத்தும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆகவே புதிய ஊருக்குத் தனியே வந்து சேர்ந்த ஒரேயொரு நத்தை, அங்கு துணை எதுவும் இன்றியே நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுவிடலாம். சிறிய நத்தை முதல் தடவையில் நூறளவும், பெரியது முந்நூறு, நானூறு வரையும் இடும்.

இந்த நத்தை எமது நாட்டுக்கு உரியதன்று. கிழக்கு ஆபிரிக்காவில் இருந்து மொரீசியசு சென்று, அங்கிருந்து 1847இல் பென்சன் என்ற நத்தை ஆய்வாளரால் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டமொன்றில் விடப்பட்டது. 1900ஆம் ஆண்டளவில் ஒலிவர் கொலெட் என்ற தோட்டத்துரை அதனை இலங்கையில் தமது தேயிலைத் தோட்டத்தில் விட்டார். இவரும் நத்தை ஓடுகளில் ஆசை கொண்டவரே. படித்த மனிதர் இருவரின் பொழுதுபோக்கின் விளைவை ஏழைக் கமக்காரர் இன்று வரை சுமக்கின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியப் படையினர் உணவுக்கென இதனைப் பசிபிக் தீவுகள் பலவற்றுக்கும் கொண்டு சென்றனர். போர் மனிதரை மட்டும் இடம்பெயர்ப்பதில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் ஒரு நத்தையின் கணக்கு விளங்கும். 1966இல் ஒரு சிறுவன் அவாய்த் தீவுகளில் இருந்து மூன்று நத்தைகளை விளையாட்டாகக் கொண்டுவந்தான். அவனுடைய பாட்டி அவற்றை வீட்டுத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு ஆண்டுகளில் 18,000க்கு மேற்பட்ட நத்தைகள் பிடிக்கப்பட்டன. அவற்றை முற்றாக ஒழிக்க 1975 வரை சென்றது. பத்து இலட்சம் டொலருக்கு மேல் செலவாயிற்று. அத்தனை பணமும் அதிகாரிகளும் உள்ள நாட்டின் கதை அது. எமது கத்தரித் தோட்டத்துக்கு யார் வருவார்?

இந்நத்தை 500 வகைக்கு மேற்பட்ட தாவரங்களை உண்ணும். வாழைக்கன்று, பப்பாசி, பூசணி, பயற்றை, கீரை எதையும் விடாது. பகலில் நிழலில் பதுங்கி இரவில் மேயும். கோடையில் ஓட்டின் வாயை வெள்ளைத் தகடுபோல மூடிக்கொண்டு மதிலோரம், கற்குவியல், மரப்பொந்து என்று மாதக்கணக்கில் உறங்கும். மாரியின் முதல் மழையோடு எழுந்து வரும். ஓடு கட்டுவதற்குச் சுண்ணாம்பு வேண்டும். அதற்காக வெள்ளையடித்த சுவரைக்கூட அரித்துத் தின்னும் பிராணிக்கு, எமது மண்ணில் சுண்ணாம்புக்கா பஞ்சம்?

எனவே இடம்பெயரும்போதும் ஊர் திரும்பும்போதும் கொண்டுசெல்லும் வாழைக்குட்டி, சாடிக் கன்று, எரு மூட்டை, ஏற்றி இறக்கும் மணல் ஆகியவற்றைச் சற்று நின்று பார்த்து ஏற்றுங்கள். குட்டியின் கிழங்கில் ஒட்டிய மண்ணைக் கழுவிவிடுங்கள். எருவிற் கிடப்பது மண்புழுக் கூடா, நத்தை முட்டையா என்று பிரித்தறிவது எளிது. மண்புழுக் கூடு மங்கிய நிறத்தில், இரு முனையும் கூர்ந்து, தனித்தனியாகக் கிடக்கும். நத்தை முட்டை பாசிப்பயறளவில், வெள்ளை அல்லது இளமஞ்சளாக, ஒரே குழியில் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கும். முன்னதை வைத்துக்கொள்ளுங்கள். பின்னதை வெயிலில் பரப்பிக் காயவிடலாம், அல்லது நசுக்கிப் புதைக்கலாம்.

வந்துவிட்ட இடத்தில் கையாற் பொறுக்குவதைவிடச் சிறந்த மருந்து இல்லை. மாலையில் நனைத்த சாக்குகளின் கீழே பப்பாசி இலையை வைத்து, தோட்டத்தில் அங்குமிங்கும் போட்டுவிட்டு, விடியுமுன் சாக்கைப் புரட்டினால் கூட்டமாக அகப்படும். வெறுங்கையால் தொடக்கூடாது. எலியில் வாழும் ஒரு வகைப் புழுவின் குஞ்சு இந்நத்தையில் இருந்து மனிதருக்குத் தொற்றி மூளையுறையில் அழற்சியை உண்டாக்கக்கூடும். பொலித்தீன் பையைக் கையுறையாக மாட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இவ்வேலைக்கு அனுப்பாதீர்கள். கீரையை நன்றாகக் கழுவிச் சமையுங்கள். பிடித்தவற்றை உப்புக் கரைத்த வாளித் தண்ணீரிற் போட்டுக் கொன்று, தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் தூரமாக ஆழப் புதைக்க வேண்டும். சிலர் தோட்டத்து மண்ணிலேயே உப்பைத் தூவுகிறார்கள். உவர்த் தண்ணீரோடு போராடும் தீவக மண்ணில் உப்பைத் தாமே கொண்டுபோய்க் கொட்டுவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலாகும்.

நத்தையைத் தின்னும் நத்தையை இறக்குமதி செய்தால் என்ன என்ற யோசனையும் இடைக்கிடை எழுவதுண்டு. 1955இல் அவாயிலும், 1977இல் பசிபிக்கில் உள்ள மூரேயா தீவிலும் அதனைச் செய்து பார்த்தார்கள். வந்த நத்தை ஆபிரிக்க நத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய சிறு நத்தைகளைத் தின்று தீர்த்தது. பத்தே ஆண்டுகளில் மூரேயாவின் காடுகளில் அங்குள்ள பார்ற்றூலா நத்தையினங்கள் இல்லாமற் போயின. வேட்டையாட வந்த நத்தையும் இருபாலுயிரே என்பது இதில் உள்ள வேடிக்கை.

ஏன் இந்த ஏற்பாடு?

மெல்ல நகரும் உயிருக்கு, அல்லது ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும் உயிருக்கு, தன்னினத்தைச் சேர்ந்த இன்னொன்றைச் சந்திப்பதே அரிது. ஆண், பெண் எனப் பிரிந்திருந்தால், அரிதாகச் சந்திக்கும் ஒன்றும் தன் பாலையே சேர்ந்ததாக இருப்பதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. இரண்டும் இருபாலுயிராயின் எந்தச் சந்திப்பும் வீண்போகாது. நத்தை, மண்புழு, அட்டை, கடலில் பாறையோடு ஒட்டி வாழும் கொட்டலசு போன்றவற்றில் இவ்வமைப்பு மிகுந்திருப்பது இதனாலேயே. குடலுக்குள் தனியே வாழும் நாடாப்புழு இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அதன் உடலில் நூற்றுக்கணக்கான துண்டுகள் உண்டு. ஒவ்வொரு துண்டிலும் இருபால் உறுப்புகளும் உண்டு. துணையே தேவைப்படாமல் தன்னைத் தானே கருக்கட்டிக்கொள்ளும். சரியாக வேகாத இறைச்சியோடு ஒரேயொரு புழுவின் குஞ்சு உள்ளே போனாலும் போதும் என்பதன் பொருள் இதுதான். முகாம்களில் மலசலகூடத்தைப் பற்றி நாம் ஏன் இத்தனை தடவை பேசுகிறோம் என்பதும் இதனால் விளங்கும்.

தீவுகளைப் பற்றி 1955இல் ஏபேட் பேக்கர் என்ற தாவரவியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். தூரத்தில் இருந்து தனி விதையாகத் தீவொன்றுக்கு வந்து சேர்ந்து, அங்கு வேரூன்றும் செடிகளைப் பார்த்தால், அவை பெரும்பாலும் துணையின்றித் தாமே விதை கொடுக்கக் கூடியவையாக இருக்கும் என்பது அவர் கருத்து. தனியே வந்தவர் தனியே தொடங்க வேண்டும் அல்லவா?

பூச்சியினங்களில் இருபாலுயிர் மிக மிக அரிது. தோடை, எலுமிச்சை மரங்களைத் தாக்கும் அவுஸ்திரேலியப் பஞ்சுச் செதிற்பூச்சி அவ்வகை. அதுவும் ஒன்றே தனியாகப் பெருகும். 1928இல் நீலகிரியில் தலைகாட்டிய அப்பூச்சியை, அதனைத் தின்னும் சிவப்புப் பொறிவண்டைக் கொண்டுவந்து அடக்கினார்கள். முன்பு சொன்ன நத்தைக் கதைபோல அது விபரீதமாகவில்லை. அந்த வண்டு வேறெதையும் நாடாமல் அப்பூச்சியையே தேடித் தின்பது அதற்குக் காரணம்.

கடலில் பால் மாறுவோர்

பாலூட்டிகளிலும் பறவைகளிலும் இயல்பாகவே இருபாலாக வாழும் இனம் ஒன்றும் இல்லை. முள்ளந்தண்டு உள்ளவற்றுள் மீன்களிலேதான் இது மிகுதி. 450க்கு மேற்பட்ட மீனினங்களில் இதனைக் கண்டறிந்துள்ளனர். அவற்றுள் சில, தீவகத்துச் சந்தைகளில் நாம் விலை பேசி வாங்குபவையே.

கலவாய் மீன் பெண்ணாகவே முதிர்கிறது. கழிமுகங்களிலும் எமது கரையோரங்களிலும் வாழும் செம்புள்ளிக் கலவாய், ஏறத்தாழ ஓரடி நீளத்தில் பெண்ணாக முட்டையிடத் தொடங்கி, 55 முதல் 75 சென்ரிமீற்றர் வரை வளர்ந்த பின்பே ஆணாக மாறுகிறது. கிளிமீன்களிலும், விளைமீன் இனங்கள் பலவற்றிலும் இதே ஒழுங்கு. கொடுவாவில் இது தலைகீழ். மூன்று நான்கு வயதில் ஆணாக முதிர்ந்து, பெரும்பாலும் ஆறு ஏழு வயதுக்குப் பின் பெண்ணாகிறது. மன்னார்க் கடலின் முத்துச் சிப்பிகளிலும் பெரும்பாலானவை முதலில் ஆணாகவும் பிற்காலத்தில் பெண்ணாகவும் இருப்பவையே.

இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1972இல் றொபேட்சன் என்பவர் அவுஸ்திரேலியப் பவளப் பாறைகளில் ஒரு சிறிய மீனைக் கொண்டு விளக்கினார். மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கி வாழும் அம்மீனில், ஓர் ஆணின் கீழ் பல பெண்கள் கூட்டாக வாழும். ஆண் இறந்துவிட்டால், பெண்களுள் பெரியது சில மணித்தியாலங்களுக்குள்ளேயே ஆணைப்போல மற்றவற்றை அதட்டத் தொடங்கும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் விந்தும் உண்டாகிவிடும். கடற்சாமந்தியின் நச்சு விரல்களுக்குள் வாழும் கோமாளி மீனிலோ பெரியது பெண், அடுத்தது ஆண், ஏனையவை பருவம் வராதவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாகும். வரிசையில் அடுத்து நிற்பது ஆணாகும்.

பெரிய உடல் எந்தப் பாலுக்குக் கூடுதல் பயன் தருமோ அந்தப் பாலாகப் பிற்காலத்தை வைத்துக்கொள்வதே இதன் கணக்கு. 1969இல் கிசெலின் என்பவர் இதனை எடுத்துக் காட்டினார். கொடுவாவில் பெரிய பெண் ஒரே பருவத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். கலவாயில் பெரிய ஆணே இடம் பிடித்துப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளும்.

கமக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். காணியை இழந்து தொழில் தேடிய பலர், வலையையும் தூண்டிலையும் கையில் எடுத்தது எமக்குத் தெரிந்ததே. ஒரு பாறைத்தொடரில் உள்ள பெரிய கலவாய்களை மட்டும் தெரிந்து தொடர்ந்து பிடித்தால், அங்குள்ள ஆண்கள் யாவும் அகன்றுவிடும். எஞ்சிய பெண்கள் ஆணாக மாறுவதற்குக் காலம் வேண்டும். அதற்குள் அவையும் பிடிபட்டால் முட்டை இருக்கும், கருக்கட்ட விந்து இராது. கொடுவாவில் பெரியவற்றைப் பிடித்துத் தீர்த்தால் முட்டையே இராது. சிறிய மீனை விடு, பெரிய மீனைப் பிடி என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, பால் மாறும் மீன்களுக்கு அப்படியே பொருந்தாது. மிகப் பெரியதிலும் சிலவற்றை விட்டுவைக்க வேண்டும்.

கொட்டிலிலும் பட்டியிலும்

ஆடு மாடுகளில் இருபாலாகப் பிறப்பது அவற்றின் இயல்பு அன்று. பிறப்பில் நேரும் ஒரு வேறுபாடு. அவ்வாறு பிறந்த குட்டியை அபசகுனம் என்று கூறி, வீட்டுக்கு ஏதோ வரப்போகிறது எனப் பயந்து, இரவோடிரவாக விற்றுவிடுவோர் உளர். சகுனம் ஒன்றும் இல்லை, காரணம் இருக்கிறது. அதனை அறிந்துகொண்டால் அடுத்த ஈற்றில் தவிர்த்தும் கொள்ளலாம்.

ஆட்டில் கொம்பில்லாத தன்மையையும் இருபால் தன்மையையும் ஒரே பரம்பரை அலகு சேர்த்துக் கொண்டுவருகிறது. ஐரோப்பியப் பாலாடுகளான சானன் போன்ற இனங்களில் இது நெடுங்காலமாக அறியப்பட்டது. 2001இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் அதன் மூலத்தையே, பரம்பரைப் பொருளில் ஒரு சிறு பகுதி அற்றுப்போயிருப்பதை, கண்டுபிடித்தனர். மோழைக் கிடாயையும் மோழை மறியையும் சேர்த்தால், பிறக்கும் பெண் குட்டிகளில் நான்கில் ஒன்று இவ்வாறு அமையலாம். பிறக்கும்போது மறிபோலத் தோன்றும். வளர வளரக் கிடாயின் நாற்றமும் முரட்டுத்தனமும் வரும். குட்டி ஈனாது. தாய், தந்தை இரண்டில் ஒன்றாவது பிறவியிலேயே கொம்புள்ளதாக இருந்தால் இந்தத் தொல்லை ஏற்படாது. இது செலவில்லாத வைத்தியம். உதவித் திட்டங்களில் ஆடு பெறும்போது, பால் இனக் கலப்பு ஆடாயின், கொம்பைத் தடவிப் பார்த்துக் கிடாயைத் தெரிவு செய்யுங்கள். குட்டியிலேயே கொம்பு சுட்ட ஆடும் உண்டு. தலையில் தழும்பு இருக்கும், அது மோழையன்று.

இங்கே ஒரு வார்த்தை. மனிதரிலும் இவ்வாறு உடலமைப்பில் வேறுபட்டுப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. ஆட்டையும் மாட்டையும் குறிக்கும் சொற்களால் அவர்களைக் கேலி செய்வது எமது ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் ஆண்மை திரிந்தோரைப் பற்றிப் பேசும்போது, அவர்களை உயர்திணையிலே வைத்தே பேசுகிறது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய பச்சிளங் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாத நிலையில், ஏதோவொரு பாலாக மாற்றிவிடும் அவசரச் சத்திரசிகிச்சை செய்யலாகாது என உத்தரவிட்டது. அதன்படி தமிழ்நாடு அரசும் அவ்வாண்டே தடை விதித்தது. பிள்ளை வளர்ந்து தானே சொல்லட்டும் என்பதே அதன் கருத்து. முகாம் வரிசையிலும் பதிவுப் புத்தகத்திலும் நிற்கும் பிள்ளை ஒன்று இவ்வாறிருந்தால், அதன் தாயிடம் நாலு பேருக்கு முன் கேள்வி கேட்காதிருப்பது நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

மாட்டுக்கு வருவோம். பசு இரட்டைக் கன்று ஈன்று, அதில் ஒன்று நாம்பனாகவும் மற்றது நாகாகவும் இருந்தால், நூறில் தொண்ணூறுக்கு மேற்பட்ட தடவைகளில் அந்த நாகு மலடாகவே இருக்கும். தாயின் வயிற்றில் இரு கன்றுகளின் இரத்தக் குழாய்களும் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைந்து, நாம்பனின் சுரப்பு நாகின் உடலுக்குள் சென்று, அதன் கருப்பை வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. 1916இல் பிராங் லில்லி என்ற அமெரிக்கர் இதனை விளக்கினார். வெளித்தோற்றத்தில் நல்ல நாகுபோலவே இருக்கும். இதை அறியாமல் சந்தையில் வாங்கி, மூன்று நான்கு ஆண்டுகள் வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும் போட்டு, சினைப்படுமென்று காத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அந்த நான்கு ஆண்டு சின்ன விடயமன்று.

எனவே நாகு வாங்கும்போது பால் எவ்வளவு கறக்கும் என்று கேட்பதற்கு முன், கூடப் பிறந்தது உண்டா, அது என்ன கன்று என்று கேளுங்கள். ஐயம் இருந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டலாம். மலட்டு நாகின் பிறப்புவழி, சாதாரண நாகினதைவிட மிகக் குட்டையாக இருக்கும். முனை மழுங்கிய சிறு குழாய் ஒன்றைக் கொண்டு சில நிமிடங்களில் அவர் சொல்லிவிடுவார். இரண்டும் நாகாகப் பிறந்திருந்தால் இந்தப் பயம் இல்லை. ஆட்டில் இரட்டை சாதாரணம். கிடாயோடு கூடப் பிறந்த மறி மலடாவது மிக அரிது. அதனை விற்க வேண்டியதில்லை.